தண்ணீரோரம்

கினேஷ்மா
14 செப்டம்பர் 1971

அன்புள்ள ராயாவுக்கு,

நோன்னா எழுதுகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கமாட்டாய், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்: முழங்கால் வலிக்கிறது, மற்றபடி குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். உன் சௌகரியத்தைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாத இதழில் அரைப்பக்கம் உன் படம். 'நேற்றைய மாபெரும் நடனமணி, இன்றைய மாபெரும் ஆசிரியை' என்று கீழே போட்டிருக்கிறான். கழுத்து மட்டும் இன்னும் அப்படியே வைத்திருக்கிறாயடி, பாவி.

ஆலை மன்றத்தில் நான் பாலே சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் காட்டினேன். "இவங்கள உங்களுக்கு நெசமாவே தெரியுமா?" என்று ஒரு வாண்டு கேட்டது. "தெரியுமாவா? யுத்தத்துல பள்ளிக்கூடத்தையே ரயிலேத்தி அனுப்பினாங்களே, அப்போ ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல ஒரே கம்பளிக்குள்ள படுத்தவங்க நாங்க" என்றேன். ஒன்றுகூட நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் நடனப் பள்ளியில் கடைசி வருஷத்துக்கு என் பெண் வேத்தாவை உன் வகுப்பில் போட்டிருக்கிறார்களாம். விடுதி அறை ஈரம், இருமுகிறாள் என்று நீ அவளை உன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாயாம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாமென்றா சொல்லப்போகிறேன்? சொல்லியிருப்பேன். அதனால்தான் நீ கேட்கவில்லை, உன்னை எனக்குத் தெரியாதா?

கோபமில்லை. நன்றிதான். ஆனால் ஒன்று ராயா. அவள் அப்பா போனபிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. உனக்கு உலகமே இருக்கிறது. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

இன்னொன்று. அவளைத் தண்ணீரோரம் நிறுத்திவிடாதே. இருபது வருஷம் கடைசி வரிசையில், திரையில் வரைந்த ஏரிக்கு முதுகைக் கொடுத்து நின்றவள் சொல்கிறேன். அந்த நீலச் சாயம் ஒவ்வொரு நாளும் என் உடையில் ஒட்டிக்கொள்ளும், துவைத்தாலும் போகாது. முன்வரிசைக் குட்டிகள் எங்களைத் 'தண்ணியோரத்து அக்காமாரு' என்பார்கள். நீ அதையெல்லாம் கேட்டிருக்கமாட்டாய். உன் காதில் கைதட்டல்தான் விழுந்துகொண்டிருந்தது.

பழ ஜாம் இரண்டு பாட்டில், கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. காலுறை அவளுக்கு. ஜாம் இரண்டு பேருக்கும்.

உன்
நோன்னா


லெனின்கிராட்
2 அக்டோபர் 1971

நோன்னா,

ஜாம் கிடைத்தது. வேத்தா எடை போடக்கூடாது. நானே தின்றேன். சர்க்கரை அதிகம்.

இருமல் நின்றுவிட்டது. காலையில் கஞ்சி, மதியம் சூப், ராத்திரி தயிர். பத்து மணிக்குத் தூங்குகிறாள்.

நல்ல கால். நல்ல முதுகு. கையில்தான் எனக்கு வேலை இருக்கிறது. விரலெல்லாம் புகை மாதிரி எங்கேயோ மிதக்கிறது. "யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்றேன். "அம்மா. அஞ்சு வயசிலிருந்து" என்றாள். நினைத்தேன்.

வகுப்பில் பயிற்சிக்குப் பிடித்து நிற்கும் கம்பிகளில் நடுக்கம்பியில் நிற்கிறாள். அந்த இடத்தை நான் யாருக்கும் சும்மா கொடுப்பதில்லை.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சோம்பேறி, கொடுக்கமாட்டாய்.

ராயா


கினேஷ்மா
13 ஜனவரி 1972

அன்பு ராயா,

புது வருஷ வாழ்த்து. விடுமுறைக்கு வந்த என் பெண் ஐந்து நாள் இருந்துவிட்டு நேற்று ரயிலேறினாள். என் பெண் என்று பழக்கத்தில் எழுதுகிறேன்.

வந்த அன்றே தேநீர் கொடுத்தேன். தம்ளரை இரண்டு விரலில் பிடித்து, கழுத்தை இத்தனூண்டு சாய்த்து, ஒரு வாய் குடித்து வைத்தாள். அப்படியே நீ! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை அவளுக்கென்று நாற்பது பிடித்து வைத்திருந்தேன். நாலு தின்றாள். "ஏண்டி?" என்றால், "ராயா அத்தை திட்டுவாங்கம்மா."

செப்டம்பரில் அவள் கடிதத்தில் நீ மரியாதையாக முழுப்பேரில் 'இராயிதா ப்ளத்தோனவ்னா'. நவம்பரில் 'எங்க டீச்சர்'. இப்போது அத்தை. வசந்தத்துக்குள் இன்னும் என்னவெல்லாம் ஆகப்போகிறாயோ.

நான் அடுப்பைப் பார்த்து நின்று வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து, "அம்மா, தோள இறக்கு." நான் யாரடி? அவளுக்கு முதன்முதலில் தோளை இறக்கச் சொன்னவள் யார்? நாற்காலியின் முதுகைப் பிடிக்க வைத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணியவள் யார்?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பையைத் திறந்து பார்த்தேன் பார், அங்கேதான் நெஞ்சு வெடித்துவிட்டது. அவள் நுனிக்காலில் நின்று ஆடும் காலணிக்கு நாடா தைத்து நான் ஆறு ஜோடி அனுப்பினேனில்லையா? அத்தனையையும் பிரித்து நீ உன் கையால் மறுபடி தைத்திருக்கிறாய். உன் தையலை எனக்குத் தெரியாதா, கோழி கிளறியது போல. நாட்டின் 'மக்கள் கலைஞர்' பட்டம் வாங்கியவள் உட்கார்ந்து என் தையலைப் பிரித்திருக்கிறாள்!

வயிறு எரிகிறது ராயா. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எரிகிறது. பத்து வயதிலிருந்து உன்னைப் பார்த்து எரிந்து எரிந்து எனக்கு அது பழகிப்போன ஒன்றுதான். உன் முதல் வேடத்துக்கு எரிந்தேன், பாரீசிலிருந்து நீ கொண்டுவந்த மேல்கோட்டுக்கு எரிந்தேன். அதெல்லாம் தலைவலி மாதிரி, வரும், போகும். இது போகமாட்டேன் என்கிறது.

கோபித்துக்கொள்ளாதே. காளான் காயவைத்து அனுப்பியிருக்கிறேன். அதிலாவது சர்க்கரை இல்லை.

நோன்னா


லெனின்கிராட்
3 பிப்ரவரி 1972

நோன்னா,

நாடாவை ஒரு விரற்கடை உள்ளே தள்ளித் தைத்திருந்தாய். அது உன் காலுக்கு. அவள் கணுக்கால் அவள் அப்பாவுடையது போல, எலும்பு வெளியே துருத்துகிறது. அங்கே நாடா அழுத்தி இரண்டு தடவை வீங்கிவிட்டது. உன்னிடம் சொன்னால் வருத்தப்படுவாய் என்று அவள்தான் சொல்லவேண்டாமென்றாள். நான் சொல்லிவிட்டேன்.

வயிறு எரிந்தால் பால் குடி.

உனக்கு மட்டும்தான் எரிகிறதா? இந்த வீட்டில் தினமும் "அம்மா இப்படிச் சொல்வாங்க", "அம்மா இதுக்குச் சிரிப்பாங்க". நான் முப்பது வருஷத்தில் யாரையும் சிரிக்க வைத்ததில்லை. உன் கடிதம் அவள் பெயருக்கு வந்தால் உடனே கொடுப்பதில்லை. ஒருநாள், இரண்டுநாள் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். கொடுத்தால் அன்றைக்கு முழுக்க அவள் என் வீட்டில் இருக்கமாட்டாள். இப்போது தெரிந்துகொண்டாயா? திருப்தியா?

ஜூன் 12 பட்டமளிப்பு ஆட்டம். மூன்றாம் வரிசை, நடுவில் உனக்கு இடம் வைத்திருக்கிறேன். வா. அந்தப் பழுப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வராதே.

ராயா


கினேஷ்மா
16 ஜூன் 1972

ராயா,

ஊர் வந்து சேர்ந்தேன். பழுப்புத் தொப்பியோடு.

என் பெண் ஆடியதைப் பற்றி நான் உனக்கு எழுத என்ன இருக்கிறது? மூச்சு விட மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் என்னைக் குலுக்கி, "அம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். அவள் எனக்குப் பிறந்தவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதற்கு உனக்கு ஆயிரம் கும்பிடு. மனசார எழுதுகிறேன்.

இனி மனசாரச் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

முதல் பூங்கொத்து ஆசிரியைக்குத்தான். நானும் அந்தப் பள்ளியில் படித்தவள், எனக்கு வழக்கம் தெரியும். அவள் ஓடிவந்து உன் முன்னால் மண்டியிட்டு, உன் கையை முத்தமிட்டபோது நானும் கைதட்டினேன். உள்ளங்கை எரிய எரியத் தட்டினேன். பிறகு நடைவழியில் ஒதுங்கி நின்றேன். மீசைக்காரர் ஒருவர், "நீங்க?" என்றார். "அம்மா." "யாரோட அம்மா?" நான் சொல்லி முடிப்பதற்குள் உன் பக்கம் திரும்பிவிட்டார். "இராயிதா ப்ளத்தோனவ்னா, பொண்ணு அப்படியே உங்க வார்ப்பு! பெத்த பொண்ணுகூட இப்படி இருக்காது!"

நீ சிரித்தாய்.

'இல்லை, இதோ நிற்கிறாள் பாருங்கள் பெற்றவள்' என்று சொல்ல உனக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? என்னைப் பார்த்தாயே. பார்த்துவிட்டுத்தானே சிரித்தாய். வேத்தா அந்தச் சமயத்தில் உடை மாற்றப் போயிருந்தாள், அவள்மேல் குறையில்லை. அப்புறம் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், வியர்வையோடு. அவள் மேலிருந்து உன் சோப்பு வாசனை வந்தது.

சரி விடு. அடுத்த வாரம் குழு கூடி யார் யாருக்கு எந்தத் தியேட்டரில் எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாமே. தெரிந்த உடனே தந்தியடி. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நல்லதோ கெட்டதோ, உன்னிடமிருந்தே வரட்டும்.

நோன்னா


தந்தி
லெனின்கிராட், 24 ஜூன் 1972

குழு சம்மதித்தது வேத்தாவுக்குத் தண்ணீரோரம் இடம் மகிழ்ச்சி நான் மாஸ்கோ போகிறேன் பிறகு எழுதுகிறேன் ராயா


கினேஷ்மா
24 ஜூன் 1972

இராயிதா ப்ளத்தோனவ்னா அவர்களுக்கு,

மகிழ்ச்சி என்று போட்டிருக்கிறீர்கள். தபால்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாராவது தவறிட்டாங்களா?" என்றாள்.

தண்ணீரோரம்! அந்த ஒரே ஒரு இடத்தைத்தானே வேண்டாமென்று கேட்டேன்! நடுக்கம்பியில் நிறுத்தினாய், கஞ்சி கொடுத்தாய், என் நாடாவைப் பிரித்தாய், அத்தை ஆனாய், கடைசியில் கொண்டுபோய் அவளையும் அந்த நீலச் சாயத்தில் தேய்த்துவிட்டாயா? பட்டமளிப்பில் அவள் ஆடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவளைக் கடைசி வரிசையில் போட குழுவுக்கு என்ன பைத்தியமா? நீ ஒரு வார்த்தை சொன்னால் லெனின்கிராடே தலையாட்டும். நீ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைவிட ஒருத்தி ஒரு அங்குலம் மேலே போய்விடுவாளோ என்ற பயம். அதுவும் என் வயிற்றில் பிறந்தவள்!

நீ பொறாமைக்காரி. நான்தான் அப்படி என்று ஊரெல்லாம் நினைக்கிறது. நான் சொல்லிக்கொண்டு பொறாமைப்படுகிறேன், நீ சிரித்துக்கொண்டு பொறாமைப்படுகிறாய்.

உனக்குப் பிள்ளையில்லையே என்று ஊரார் உச்சுக்கொட்டுவார்கள். எனக்குத் தெரியும் ஏனென்று. ஐம்பதாம் வருஷம், அந்தப் பெரிய வேடத்துக்கு நாலு நாள் முன்னால், உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். உன் பிள்ளையை மேடைக்குக் கொடுத்தாய். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. நான் தண்ணீரோரம் நின்று பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கவேண்டும் என்று. அதற்காகத்தான் வேத்தாவைப் பெற்றேன். ஆமாம், உனக்கில்லாத ஒன்று எனக்கு இருக்கட்டும் என்றுதான் பெற்றேன்! இப்போது அதையும் எடுத்துக்கொண்டாய்.

ஒன்றாம் தேதி வந்து அவளை அழைத்துக்கொண்டு போகிறேன். இங்கே என்னோடு ஆலை மன்றத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். உன் நிழல் படாமல் இருந்தால் போதும்.

நோ. செ. குஸ்கோவா


லெனின்கிராட்
6 ஜூலை 1972

நோன்னா,

நீ ஒன்றாம் தேதி வந்து பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான் மாஸ்கோவில் போட்டிக்கு நடுவராக இருந்தேன். முந்தாநாள்தான் திரும்பினேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நிதானமாகப் படி.

வேத்தாவின் கணுக்கால் ஆட்டத்துக்குப் பிறகு மறுபடி வீங்கியது. எங்கள் தொழிற்சங்கத்துக்கு ஏரிக்கரையில் ஒரு ஓய்வில்லம் உண்டு. ஆகஸ்டில் அங்கே அவளுக்கு ஒரு அறை கேட்டிருந்தேன். சங்கக் குழு சம்மதித்தது. தண்ணீரோரம் என்றால் தண்ணீரோரம்தான். நிஜ ஏரி. படகு விடுவார்கள்.

தந்தி கொடுக்கும்போது அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் அங்கே ஒருநாளும் நின்றதில்லை அல்லவா. தபால் நிலையத்தில் எனக்குப் பின்னால் கடைசி வரிசையில் ஆடியவள் யாராவது நின்றிருந்தால் தடுத்திருப்பாள்.

தியேட்டர்க் குழு அதற்கு மூன்று நாள் முன்பே கூடிவிட்டது. எங்கள் தியேட்டரிலேயே எடுத்துக்கொண்டார்கள். தனி ஆட்டக்காரியாக. பதினெட்டு வயதில் அந்த இடம் என்னைத் தவிர யாருக்கும் கிடைத்ததில்லை. அதைத் தந்தியில் ஏன் சொல்லவில்லை என்பாய். வேத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்: "நீங்க சொல்லிடாதீங்க அத்தை. நானே ஊருக்குப் போயி அம்மா முகத்தப் பாத்துச் சொல்லணும்." மூன்றாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள்.

என் வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்து, முக்கியமாக இருந்தால் மாஸ்கோவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்ட வேத்தாவிடம் சொல்லியிருந்தேன். உன்னுடையது இருபத்தெட்டாம் தேதி வந்தது. சாயங்காலம் கூப்பிட்டாள். "அம்மா எழுதியிருக்காங்க. வாசிக்கட்டுமா?" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. வாசி என்றேன். முழுவதும் வாசித்தாள். பாதியில் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை. எதற்காக அவளைப் பெற்றாய் என்ற வரியையும் வாசித்தாள். உன் கையெழுத்துவரை வாசித்தாள். ஒரு இடத்தில்கூட மூச்சு தப்பவில்லை. நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன்.

பிறகு கேட்டாள், "நடைவழியில ஒருத்தர் உங்க வார்ப்புன்னு சொன்னாராமே. அன்னிக்கு நீங்க ஏன் இல்லைன்னு சொல்லல?" அன்று உன்னை வழியனுப்ப வந்தபோது அம்மா சொன்னார்களாம், ரயிலடியில். நிஜத்தைச் சொன்னேன். "கேக்க நல்லா இருந்துச்சு" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்று வைத்துவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது படுக்கை மடித்திருந்தது. மேசைமேல் வீட்டுச் சாவி, ஒரு துண்டுக் காகிதம். எங்கள் தியேட்டர் வேண்டாமென்று குழுவிடம் எழுதிக்கொடுத்துவிட்டாள். எங்கோ தூரத்தில் ஆள் கேட்டிருந்த ஒரு தியேட்டருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. 'அம்மாவுக்குச் சொல்லிடுங்க, கோவமில்ல. எழுதணும்னு தோணும்போது எழுதுவேன். தேடாதீங்க. ரெண்டு பேருமே.' நான் ஒரு ஃபோன் செய்தால் அஞ்சு நிமிஷத்தில் ஊர் தெரிந்துவிடும். மூன்று தடவை எடுத்து வைத்துவிட்டேன். தேடாதே என்றிருக்கிறாள்.

என்னைப் பற்றி நீ எழுதியதற்கு வருத்தமில்லை. அன்று உன் மடியில் அழுதேன், பிறகு யார் மடியிலும் அழவில்லை. ஆனால் நீ அளந்தது ஒரு பக்கம்தான். மறுபக்கம் நான் வைக்கிறேன், இனி மறைத்து யாருக்கு லாபம். நாற்பத்தெட்டில் நம் கிழட்டு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "கடைசி வரிசையில அந்தக் கையப் பாத்தியா? அந்தப் பொண்ண முன்னால கொண்டுவரலாமா?" என்று கேட்டார். "நோன்னாவுக்குப் பயந்த சுபாவம், அவளுக்குத் தண்ணியோரம்தான் பிடிக்கும்" என்றேன். அவர் நம்பிவிட்டார். உன் கையைப் பார்த்து நான் எத்தனை வருஷம் எரிந்தேன் தெரியுமா? இந்த ஒரு வருஷம் முழுக்க வேத்தாவின் உடம்பிலிருந்து அதை எடுத்துவிடப் பார்த்தேன். முடியவில்லை. பட்டமளிப்பில் ஊர் எழுந்து நின்றது அந்தக் கைக்கு. நான் பழக்கிய காலுக்கில்லை.

மன்னிப்பு கேட்கவில்லை. நீயும் கேட்காதே. நேரமில்லை இரண்டு பேருக்கும்.

ராயா


கினேஷ்மா
19 அக்டோபர் 1972

ராயா,

உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் எழுதினேன். ஏழு பதில். ஒவ்வொன்றிலும் உன்னைக் கிழித்து, கடைசியில் காகிதத்தைக் கிழித்தேன். அந்தக் கிழட்டு மாஸ்டரிடம் நீ சொன்னதை நினைத்துக்கொண்டு ஆகஸ்ட் மாதம் பூராவும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் கடிக்க மறந்துபோனேன். வேத்தாவுக்கு அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே என்ற நினைப்பு வந்துவிட்டது. எங்கே என்றே தெரியாத ஊரின் குளிர்.

நான் எழுதிய அந்த வரி பொய்யில்லை ராயா. பெறும்போது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கையில் வாங்கி ஒரு நாழிகை ஆவதற்குள் உன்னை மறந்துவிட்டேன். அதையும் சேர்த்து எழுதியிருக்கவேண்டும். கோபத்தில் பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிட்டேன். அவளிடம் இந்த மீதியை யார் சொல்வது?

தினமும் பதினோரு மணிக்குத் தபால்காரி வருகிறாள். இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே தலையாட்டிவிடுகிறாள். நல்லவள்.

ஒன்று கேட்கிறேன். அவள் உனக்கு எழுதினாளா? என்ன எழுதினாள் என்று சொல்லவேண்டாம், முகவரியும் வேண்டாம். எழுதினாளா என்று மட்டும் சொல்லு. முன்னேயானால் உனக்கு முதலில் எழுதிவிட்டாள் என்று தெரிந்தால் செத்திருப்பேன். இப்போது தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன், உனக்காவது எழுதியிருக்கவேண்டும் என்று. வேறு யாரிடம் போய்ச் சொல்வேன் இதை, உன்னிடம்தானே சொல்லமுடியும்.

எழுதியிருந்தால் ஒரு வரி போடு. அவள் உனக்கும் எழுதவில்லை என்றால், ராயா, பதில் போடாதே.

நோன்னா